கொடுத்தவர் பட்டியலும் செயற்கை நுண்ணறிவும்: திருகோணமலைச் சங்கங்களுக்கு எது உதவும்?

திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தை ஒட்டி வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழர் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் இராஜராஜப்பெரும்பள்ளி என்ற பெயரும் அதற்கு இருந்தது. அங்கே கிடைத்த 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் நன்கொடைக் குறிப்புகள்: ஒருவர் விளக்கெரிக்கப் பசுக்கள் கொடுத்தார், இன்னொருவர் காசு கொடுத்தார், வேறொருவர் திருநந்தா விளக்கு எனப்படும் அணையா விளக்கு வைத்தார். யார், என்ன, எதற்காக என்ற மூன்றும் ஒரே இடத்தில் பதிவாகியிருக்கின்றன. இன்று எங்கள் மாவட்டத்தில் நிதி சேர்க்கும் பல சங்கங்களிடம் சென்ற ஆண்டுக்கே இந்த மூன்றும் ஒரே இடத்தில் இல்லை.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நன்கொடையைப் பெருக்கலாம் என்ற பேச்சு இப்போது கொழும்பைத் தாண்டி இங்கும் வந்துவிட்டது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் புலம்பெயர் உறவுகளில் கணினித் துறையில் இருப்பவர்கள் பலர். பாடசாலைக்கு ஒரு கட்டடம், ஊருக்கு ஒரு நூலகம் என்று பேச்சு வந்தால் உடனே ஒரு செயலியின் பெயரையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த அக்கறையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் புதிய பணக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் கருவியாக இதை நினைக்கும் சங்கத்துக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏற்கெனவே கொடுத்தவரை நினைவில் வைத்திருக்கவும், அவர் கொடுத்த பணம் என்னவாயிற்று என்று அவருக்குத் திருப்பிச் சொல்லவும் பயன்படுத்தினால், நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கத்துக்கும் பெரிய பலன் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அமெரிக்காவில் நன்கொடைத் தரவுகளை ஆண்டுதோறும் திரட்டி ஆராயும் ஒரு திட்டம் இருக்கிறது. அதன் அறிக்கைகள் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஓர் ஆண்டு கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மறு ஆண்டும் அதே அமைப்புக்குக் கொடுக்கிறார்கள். முதல்முறை கொடுத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், திரும்பி வருபவர் ஐந்தில் ஒருவர் அளவில்தான். இரண்டாவது தடவையும் கொடுத்துவிட்டவர் தொடர்ந்து கொடுப்பதற்கான வாய்ப்போ அதைவிட மிக அதிகம். ஆகவே ஒரு சங்கத்தின் நிதி நிலைமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதலாம் நன்கொடைக்கும் இரண்டாம் நன்கொடைக்கும் இடையிலுள்ள அந்த ஓராண்டு. அந்த ஓராண்டில் சங்கம் என்ன செய்தது? ஒரு பற்றுச்சீட்டாவது போய்ச் சேர்ந்ததா? பல இடங்களில் அதுவே போவதில்லை.

நம்மிடம் இதற்கு நேர் மாறான ஒரு ஏற்பாடும் இருக்கிறது. கோயில் திருவிழா உபயத்தைச் சொல்கிறேன். ஐந்தாம் திருவிழா இன்ன குடும்பத்துக்கு என்று ஒரு தடவை எழுதிவிட்டால், பாட்டனார் போய், தகப்பனார் போய், இன்று டொரொண்டோவில் இருக்கும் பேரன் பணம் அனுப்புகிறான். பக்தி இதற்கு முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. அதோடு ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பணம் எதற்கு என்பது தெரியும். கொடியேற்றத்துக்கு முன்பே கோயிலிலிருந்து கடிதமோ தொலைபேசி அழைப்போ வந்துவிடும். அன்று பூசையில் குடும்பத்தின் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படும். பள்ளிவாசல்களில் ஸகாத்துக்கும் இதுபோன்ற ஒழுங்கு உண்டு: ஆண்டு நிறைவான செல்வத்தில் 2.5 வீதம் என்ற அளவு, பலரும் தேர்ந்துகொள்ளும் றமழான் மாதம், யாருக்குப் போக வேண்டும் என்ற வரையறை. நாளும் தொகையும் நோக்கமும் தெரிந்த கொடை தலைமுறை தாண்டியும் நிற்கிறது. பழைய மாணவர் சங்கமும் சனசமூக நிலையமும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

ஒரே ஆள், நான்கு வரிகள்

தரவு என்றதும் பெரிய கணினிகள் நினைவுக்கு வரலாம். எங்கள் சங்கங்களின் தரவு பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையிலும், வங்கிக் கணக்கு அறிக்கையிலும், பொருளாளரின் கைத்தொலைபேசியிலும் கிடக்கிறது. பணம் வைப்பிலிட்டவர் வங்கிச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பொருளாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அடையாளம் ஒன்றைப் பதிலாகப் போடுவார். பெரும்பாலும் அத்தோடு விடயம் முடிந்துவிடும். பொருளாளரின் தொலைபேசி பழுதானால் சங்கத்தின் நினைவும் அதோடு போய்விடும்.

இவற்றையெல்லாம் எக்செல் பட்டியல் ஒன்றில் சேர்க்க உட்கார்ந்தால் முதலில் மறிப்பது பெயர்கள். ஒரு பட்டியலில் "க. சிவகுமார்" இருக்கிறார். வங்கி அறிக்கையில் அவரே ஆங்கில எழுத்தில் தகப்பன் பெயர் முழுமையாக முன்னே வர இருக்கிறார். லண்டன் கிளையின் பட்டியலில் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, "திரு. கந்தையா" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலை இன்றைய கணினியில் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. அதற்குள் சிவகுமாரைத் தேடினால் கிடைக்க மாட்டார். இப்படி ஒரே ஆள் நான்கு ஆட்களாகிவிடுகிறார். திருமணத்தின் பின் முதலெழுத்து மாறிய பெண்கள் இரண்டு இடத்தில் இருப்பார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் மொஹமட், முகம்மது, முஹம்மத் என்று ஒரே பெயர் பல வடிவில் வரும். அங்கே சிக்கல் மறுபக்கத்திலும் உண்டு, நான்கு வேறு ஆட்கள் ஒருவராகத் தெரியவும் கூடும்.

செயற்கை நுண்ணறிவு இன்றைக்கே, பெரிய செலவில்லாமல் எங்களுக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான் என்பேன். வைப்புச் சீட்டின் படத்திலிருந்து தொகையையும் திகதியையும் படித்து எடுக்கும். பாமினி எழுத்தை, இன்றைய கணினிகளெல்லாம் படிக்கும் யுனிகோடுக்கு மாற்ற எளிய மாற்றிகளே போதும். இந்த நான்கு வரிகளும் ஒருவராக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டும். இருக்கலாம் என்பதோடு அதன் வேலை முடிகிறது. ஒருவர்தான் என்று உறுதி சொல்ல ஊரைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய அதிபர் ஒருவரோ ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரோ ஒரு பின்னேரம் ஒதுக்கினால், எந்த மென்பொருளாலும் முடியாத திருத்தம் நடந்துவிடும். ஆட்களைப் பிரித்தறியத் தொலைபேசி இலக்கம் போதும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு வாங்கிச் சேர்த்துவைப்பது தேவையில்லாத வில்லங்கம்.

பட்டியல் திருந்திய பிறகு அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: ஒருவர் கடைசியாக எப்போது கொடுத்தார், இதுவரை எத்தனை தடவை கொடுத்தார், மொத்தம் எவ்வளவு கொடுத்தார். தபால்மூல வியாபாரிகள் வாடிக்கையாளரைத் தரம்பிரிக்க நெடுங்காலம் கையாண்ட இந்த வழியை அறக்கொடை நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. பெரிய நிறுவனங்களில் இதன் மேல் இயந்திரக் கற்றலை ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பழைய பதிவுகளைப் படித்து, அடுத்த ஆறு மாதத்தில் யார் கொடுக்கக்கூடும், யார் விலகிப்போகக்கூடும் என்று நிகழ்தகவு சொல்லும் கணிப்பு முறை அது. 400 பேர் உள்ள பட்டியலுக்கு அது வேண்டாம். எக்செலில் திகதிப்படி வரிசைப்படுத்தினாலே, இரண்டு ஆண்டு தொடர்ந்து கொடுத்துவிட்டு இந்த ஆண்டு மௌனமாகிவிட்ட முப்பது நாற்பது பேர் கண்ணில் படுவார்கள். அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சுகம் விசாரிப்பதைவிடச் சிறந்த நிதிதிரட்டல் எனக்குத் தெரியவில்லை.

தொகையை வைத்து மட்டும் வரிசைப்படுத்துவதில் ஓர் அநியாயமும் நடக்கும். ஒரு தடவை ஐந்து இலட்சம் கொடுத்துவிட்டு மறந்துபோனவர் மேலே நிற்பார். மீன் வாடியில் வேலை செய்துகொண்டு மாதம் 200 ரூபாய் தவறாமல் கொடுக்கும் பெண் அடியில் போய்விடுவார். கணிப்பு முறைகளுக்கும் இந்தச் சாய்வு உண்டு, பணம் இருக்கும் பக்கத்தையே பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் அவை அதையே பார்க்கும். எத்தனை தடவை என்ற கேள்வியைத் தொகைக்கு முன்னால் வைப்பது என் பரிந்துரை.

எப்போது, எப்படிக் கேட்பது

திருகோணமலையில் பணத்துக்கும் பருவம் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பு. மீனவக் குடும்பங்களில் கை இறுகியிருக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வருவது அந்தக் காற்று ஓய்ந்த பிறகு, மே முதல் செப்டெம்பர் வரை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து விவசாயிக்குப் பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் கையில் பணம் புரளும். வெளிநாட்டிலிருப்பவர்களுக்கு ஆண்டு இறுதியும் ஆடி விடுமுறையும். டிசம்பரில் எல்லாருக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்பும் சங்கம், லண்டனுக்குச் சரியான நேரத்திலும் மீனவர் வாழும் திருக்கடலூருக்குப் பிழையான நேரத்திலும் கேட்கிறது. இரண்டு மூன்று ஆண்டுத் திகதிகளைப் பார்த்தால் ஒவ்வொரு தொகுதியினரும் எந்த மாதத்தில் கொடுத்தார்கள் என்று பட்டியலே சொல்லிவிடும்.

இங்கே ஒரு விழிப்பு வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் மூதூர், வெருகல் பக்கங்களை மூழ்கடித்தபோதும் கொடுத்தவர்கள் வேறு வகையினர். கண்முன்னே கண்ட துயரத்துக்கு இரங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த மாதங்களின் தரவைப் பிரித்து வைக்காமல் கணிப்புச் செய்தால், ஒவ்வொரு மார்கழியிலும் பணமழை பொழியும் என்று கணினி சொல்லும்.

எப்படிக் கேட்பது என்பதில் ஆராய்ச்சி ஏராளம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்கப் பொருளியலாளர்கள் டீன் கார்லனும் ஜோன் லிஸ்டும் ஏறத்தாழ 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். நீங்கள் கொடுக்கும் தொகைக்கு ஈடாக இன்னொருவரும் தருவார் என்று சொன்னபோது ஒரு கடிதத்துக்குக் கிடைத்த வருமானம் 19 வீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றாலும், ஒன்றுக்கு மூன்று என்றாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. புலம்பெயர் தேசத்துச் செல்வந்தர் ஒருவர் மூன்று மடங்கு ஈடு தருகிறேன் என்று முன்வந்தால், ஒரு மடங்கை மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பித் தரும்படி கேட்பது சங்கத்துக்கு நல்லது.

ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதி, எது கூடுதலாகப் பணம் கொண்டுவருகிறது என்று ஒப்பிடும் முறை இன்னொன்று. 2012இல் ஒபாமாவின் தேர்தல் குழு ஒரே மின்னஞ்சலுக்குப் பல தலைப்புகளைச் சிறு தொகுதிகளுக்கு அனுப்பிச் சோதித்தது. மிகச் சிறந்த தலைப்புக்கும் மிக மோசமானதுக்கும் வருமானத்தில் ஆறு மடங்கு வேறுபாடு. இதைக் கேள்விப்பட்டு எங்கள் பிள்ளைகளும் வாட்ஸ்அப் செய்திகளில் முயன்று பார்க்கிறார்கள். 200 பேருக்கு ஒன்று, 200 பேருக்கு இன்னொன்று அனுப்பி, ஒன்றில் ஆறு பேரும் மற்றதில் ஒன்பது பேரும் கொடுத்தால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அந்த மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. இலட்சக்கணக்கான முகவரி உள்ளவர்களின் உத்தி அது.

நெஞ்சைத் தொடும் கதை பற்றியும் சொல்ல வேண்டும். டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லோவிக் ஆகியோரின் ஆய்வும் 2007இல்தான் வந்தது. கையில் ஐந்து டொலர் இருந்தவர்களிடம், றோக்கியா என்ற ஒரு சிறுமியின் கதையைச் சொன்னபோது சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தைச் சொன்னபோது 1.14 டொலர். கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோதும் 1.43க்கு இறங்கிவிட்டது. இதைப் படித்தவர்கள் அழும் குழந்தையின் படத்தைத் தேடி ஓடுகிறார்கள். எங்கள் ஊர்களில் இடம்பெயர்ந்த, உறவுகளை இழந்த குடும்பங்களின் படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டன. பாதணி இல்லாத காலோடு ஐந்தாம் வகுப்பில் எடுத்த படம், அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் முகநூலில் கிடக்கிறது. அதற்கு மாற்றாகச் செயற்கை நுண்ணறிவால் ஒரு முகத்தை வரைந்து போடலாமா? 2023இல் சர்வதேச மன்னிப்புச் சபை கொலம்பிய ஆர்ப்பாட்டங்களைக் காட்ட அப்படி உருவாக்கிய படங்களை வெளியிட்டு, கடும் விமர்சனத்தின் பின் நீக்க வேண்டி வந்தது. இல்லாத முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டால், அடுத்த முறை இருக்கும் முகத்தையும் நம்பமாட்டார்கள். ஒருவரின் கதையைச் சொல்லலாம். அவருடைய ஒப்புதலோடு, பெயரை மாற்றி, கட்டடத்தையோ கையெழுத்தையோ படமாகப் போட்டுச் சொல்லலாம்.

நன்றிக் கடிதங்களின் முதல் வரைவை எழுத இந்தக் கருவிகள் பயன்படும், அதில் பிழையில்லை. நூறு கடிதம் எழுத வேண்டிய செயலாளருக்கு அது பெரிய உதவி. ஆனால் அவை எழுதும் தமிழில் திருகோணமலைக் கடிதத்துக்குள் தமிழகத்து அலுவலகப் பெயர்கள் வந்து விழும். ஊருக்கு ஒவ்வாத புகழ்ச்சி நிரம்பும். வரைவை அது எழுதட்டும். அவர் கொடுத்த பணத்தில் வாங்கிய ஆறு கதிரைகளும் எந்த வகுப்பறையில் இருக்கின்றன என்ற வரியை மனிதர் எழுத வேண்டும். கொடுத்தவர் திரும்பத் திரும்பப் படிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

யாருக்குப் போக வேண்டும்

சேர்த்த பணம் சரியானவருக்குப் போய்ச் சேராவிட்டால் மேற்சொன்ன எல்லாமே வீண். ஆழிப்பேரலையின் பின் இலங்கைக் கரையோரத்தில் சில இடங்களில் தேவைக்கு மேல் சிறு படகுகள் வந்து குவிந்தன. வேறு இடங்களில் வலைக்கே வழியில்லை. யார் எதைக் கொடுத்தார் என்ற தகவல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகவில்லை. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இரண்டு தங்கள் உதவிப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தாலே இதில் பாதியைத் தவிர்க்கலாம்.

மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் 2020 பெருந்தொற்றுக் காலத்தில் நொவிசி என்ற பண உதவித் திட்டத்தைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு விரிவாக்கினார்கள். செய்மதிப் படங்களிலிருந்து வறிய பகுதிகளையும், கைத்தொலைபேசிப் பாவனைப் பதிவுகளிலிருந்து வறிய ஆட்களையும் கணித்து, கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பின் நிதியைத் தொலைபேசி வழியாகவே அனுப்பினார்கள். 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, இடத்தை மட்டும் வைத்துத் தெரிவுசெய்வதோடு ஒப்பிட்டால் தகுதியுள்ளவர் விடுபடுவது 4 முதல் 21 வீதம் வரை குறைந்தது. முழுமையான குடும்பப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பலனோடு ஒப்பிட்டால் விடுபடுதல் 9 முதல் 35 வீதம் வரை கூடுதல். அதாவது பதிவேடே இல்லாத நாட்டில், அவசர காலத்தில், இது நல்ல வழி. வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியலுக்கு இது ஈடாகாது.

புள்ளி போட்டு ஏழையைத் தெரிவுசெய்வது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும என்ற அரசாங்கப் பண உதவித் திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிட்டது; நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்து குவிந்தன. கூரை ஓடு போட்டது, ஆனால் அந்த வீட்டில் உழைப்பவர் படுக்கையில் என்பதை எந்தக் குறிகாட்டி அறியும்? அரசாங்கத்திடம் மேன்முறையீட்டுக்கு ஒரு வழியாவது இருந்தது. சங்கத்தின் உதவியைக் கணினி மறுத்தால் அந்தத் தாய் யாரிடம் போவார்? பெறுபவரைத் தீர்மானிக்கும் கடைசிக் கையெழுத்து, அந்த ஒழுங்கையைத் தெரிந்த மனிதருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பட்டியலைக் காப்பது

பிரித்தானியாவில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் பெரிய அறக்கொடை நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் அபராதம் விதித்தார். கொடுத்தவர்களின் விவரங்களை அவர்களுக்குத் தெரியாமல் வேறு நிறுவனங்களிடம் கொடுத்து, யார் எவ்வளவு வசதியானவர் என்று தரம்பிரித்தது அவை செய்த முக்கிய குற்றங்களில் ஒன்று. 2020இல் நன்கொடையாளர் தரவுகளைப் பராமரிக்கும் பிளாக்போட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தபோது, அதன் சேவையைப் பெற்ற ஆயிரக்கணக்கான அமைப்புகளின் பட்டியல்கள் வெளியே போயின. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் உதவி பெறும் குடும்பத்தின் வங்கிப் புத்தகமும் அடையாள அட்டையும் 250 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இன்றும் பகிரப்படுகின்றன.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு கனமும் உண்டு. போரைக் கடந்து வந்த குடும்பங்கள் இவை. யாருடைய மகன் எந்தக் காலத்தில் எங்கே இருந்தான், யார் இன்னும் யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார், யாருக்கு எந்த நாட்டிலிருந்து பணம் வருகிறது என்பவை உதவிப் பட்டியலில் எழுதப்படவே கூடாதவை. எழுதாத விவரம் களவு போகாது. இலவசச் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் பட்டியலை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். பெயருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் பதிலாக வரிசை எண் போட்டு, திகதியையும் தொகையையும் மட்டும் கொடுத்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பார்த்துவிடலாம்.

இந்தப் பட்டியல் யாருடையது என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். நிர்வாகசபை மாறும்போது பணமும் காசோலைப் புத்தகமும் முறைப்படி கைமாறும்; கொடுத்தவர் பட்டியல் பழைய பொருளாளரின் மடிகணினியிலேயே தங்கிவிடும். ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் கணக்கறிக்கைக்கு அடுத்தபடியாக அதையும் சேர்த்து, இத்தனை பேர் இவ்வாண்டு கொடுத்தார்கள், அவர்களில் இத்தனை பேர் சென்ற ஆண்டும் கொடுத்தவர்கள் என்ற இரண்டு எண்களை வாசித்து, பட்டியலைப் புதிய பொருளாளரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைக்கலாம். அதற்கு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தொடங்கலாம்.